எள்ளுச் சோறு வந்த சனிக்கிழமை

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் அடுப்படியிலேயே இருந்துவிட்டதால் அது யாருக்கும் ஒரு குறையாகத் தெரியவில்லை. சமையல்காரனிடம் ருசியைத்தான் எதிர்பார்க்கிறார்கள், பேச்சை அல்ல. ஆனால் வாயைத் திறந்திருக்க வேண்டிய ஒரு நாளில் நான் திறக்கவில்லை. அதனால் ஒரு வயதான அம்மா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் சமைக்கிற வீடு காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் இருக்கிறது. வீட்டுக்காரர்கள் பிரான்சில் குடியேறிவிட்டார்கள். வீடு பல வருடம் பூட்டிக் கிடந்தது. சாவி அவர்களுடைய உறவுக்காரரான ஒரு சொல்தாவிடம் இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்றுதான் சொல்வோம். அவர் மனைவி இறந்துவிட்டார். பிள்ளைகள் பிரான்சில். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஹோட்டல் ஹோட்டலாகப் போய் வயிற்றைக் கெடுத்துக்கொண்டிருந்தார். அவரைப் போலவே தனியாக இருந்த நாலைந்து பேர் கூடிப் பேசி, ஒரு வேளைச் சாப்பாட்டையாவது ஒரே இடத்தில் சமைத்துச் சேர்ந்து சாப்பிடலாம் என்று முடிவு செய்து அந்த வீட்டைத் திறந்தார்கள். இப்போது இருபது பேருக்குக் குறையாமல் வருகிறார்கள். ஞாயிறு மட்டும் விடுமுறை.

நான் அதற்கு முன்னால் திருநள்ளாறில் ஒரு லாட்ஜில் சமையல் மாஸ்டராக இருந்தேன். லாட்ஜுக்காரர் சாப்பாட்டுக் கடையை மூடிவிட்டு அந்த இடத்தில் ரூம் கட்டினார். நான் வேலை தேடிக்கொண்டிருந்தபோதுதான் சொல்தா கூப்பிட்டு விட்டார்.

தொடங்கும்போதே ஊரில் சிலர், வாசலில் அன்னதானம் என்று போர்டு வைத்தால் நாலு பேர் உதவி செய்வார்கள் என்று யோசனை சொன்னார்கள். அதை ஒரே வார்த்தையில் தள்ளியவர் நர்ஸம்மா. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரைக்காலில் இன்றைக்குக் கடை வைத்திருப்பவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், ஆபீசில் உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனையோ பேர் முதலில் அவர் கையில் விழுந்தவர்கள். "போர்டு வச்சீங்கன்னா நான் வரமாட்டேன்" என்றார். "நமக்கு யாரும் சோறு போட வேணாம். நாம சேந்து ஆக்கித் திங்கிறோம். வர்றவங்க யாரும் வெறுங்கையோட வரக் கூடாது. அவ்வளவுதான்."

அதுவே அந்த வீட்டின் சட்டமாக ஆகிவிட்டது. சிலிண்டர் சொல்தா பொறுப்பு. கோட்டுச்சேரிமேட்டில் இருந்து ஒரு மீன்காரப் பெரியவர் வருவார், மகன்களுடைய படகு கரைக்கு வந்த நாளில் ஒரு பை மீனோடு வருவார். விவசாயம் பார்த்தவர்கள் அறுப்பு முடிந்ததும் அரிசி கொண்டுவந்து போடுவார்கள். கொடுக்க எதுவும் இல்லாதவர்கள் வேலையைக் கொடுப்பார்கள். பேங்கில் மேனேஜராக இருந்தவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சின்ன வெங்காயம் உரிப்பார். பூண்டு உரிக்கிற வேலைக்குச் சில நாள் சண்டையே நடக்கும். நான் சமைத்த இடங்களில் சாப்பிடுகிறவர்கள் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்ததில்லை. இங்கே என் அடுப்படியில் உட்கார இடம் இருக்காது. எனக்கு அது பெருமையாக இருந்தது. இருக்கிறது.

நர்ஸம்மாவின் பங்கு பிரஷர் பார்ப்பது. காலை பதினோரு மணிக்கு மிஷினோடு வந்து உட்கார்ந்தால் ஒவ்வொருவராகக் கையை நீட்ட வேண்டும். பிரஷர் கூடியிருந்தால் திட்டு விழும். திட்டு எனக்கும் விழும், உப்பைக் குறை என்று. அவருக்கே சர்க்கரை உண்டு. இங்கேயே ஊசி போட்டுக்கொண்டு, அரை மணிக்குள் சாப்பிட உட்காருவார். வேளை தவறக் கூடாது என்பதில் அவரை விட எனக்குக் கவனம் அதிகம்.

நான் சொல்ல வந்தது கூட்டம் அதிகமாக இருந்த ஒரு சனிக்கிழமையைப் பற்றி. திருநள்ளாறுக்கு வருகிறவர்கள் குளத்தில் முழுகி, எள்ளு விளக்கு ஏற்றி, சாமி கும்பிட்டுவிட்டு, எள்ளுச் சோறும் கறுப்புத் துணியும் தானம் கொடுப்பார்கள். கொடுத்தவரைப் பிடித்த சனி விலகும் என்று நம்பிக்கை. விலகிய சனி எங்கே போகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் அதை வாங்கிக்கொள்வதற்கென்று குளத்துப் பக்கம் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஊருக்குள் வசதியாக இருக்கிற யாரும் அந்தச் சோற்றைக் கையால் வாங்க மாட்டார்கள்.

பதினொன்றரை மணிக்கு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஒருவர் இறங்கி, இங்கே வயதானவர்கள் இருப்பதாக லாட்ஜில் சொன்னார்கள் என்றார். பின்னால் அவர் மனைவி. டிக்கியில் இரண்டு பெரிய தூக்கு நிறைய எள்ளுச் சோறு. நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். புது ஆளிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வராது. அதோடு, சோறு என்றால் எனக்குச் சோறுதான். நல்லெண்ணெயும் வறுத்த எள்ளும் மணந்தது. இன்றைக்கு வடித்த சோற்றோடு இதுவும் இருக்கட்டும் என்று நானே தூக்கை வாங்கி உள்ளே கொண்டுபோனேன்.

அவர்கள் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. எல்லோரையும் வரிசையாக உட்காரச் சொன்னார்கள். அந்த அம்மா ஒவ்வொருவர் மடியிலும் ஒரு கறுப்புத் துண்டை வைத்து, அதன் மேல் தொன்னையில் சோற்றை வைத்து, கையெடுத்துக் கும்பிட்டார். கணவர் போனில் படம் எடுத்தார். நான் தூக்கைச் சுமந்துகொண்டு அந்த அம்மாவுக்குப் பின்னால் போனேன்.

நர்ஸம்மா முறை வந்தது. அவர் மடியில் துண்டு விழுந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எழுந்து துண்டை நாற்காலி மேல் மடித்து வைத்தார். மிஷினை எடுத்துப் பையில் போட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். 

மற்றவர்கள் ஆளுக்கு ஒரு விதமாக இருந்தார்கள். பேங்க் மேனேஜர் தொன்னையை ஓரமாக வைத்துவிட்டார். சொல்தா வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர், அவருக்குச் சனியும் இல்லை குருவும் இல்லை. இரண்டு தொன்னை சாப்பிட்டு, எள்ளு உடம்புக்கு நல்லது என்று சொல்லி, வந்தவர்களுக்குப் பிரெஞ்சில் மெர்சி என்று நன்றியும் சொன்னார். மீன்காரப் பெரியவர், பசி வேளையில் வந்தது, தின்றோம், இதில் பேச என்ன இருக்கிறது என்று கையைக் கழுவினார். நான் மட்டும் கழுவிய பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு நர்ஸம்மா வரவில்லை. பன்னிரண்டுக்கும் வரவில்லை. நான் ஒரு கேரியரில் சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் வைத்து, பக்கத்துத் தெருவில் இருக்கும் அவர் வீட்டுக்கு மீன்காரப் பெரியவரிடம் கொடுத்து அனுப்பினேன். அரை மணி கழித்துக் கேரியர் திறக்காமல் திரும்பி வந்தது. செவ்வாய்க்கிழமை சொல்தா கொண்டுபோனார். அதுவும் அப்படியே வந்தது.

"தொரத்தி விட்டுட்டாங்க மாஸ்டர்" என்றார் சொல்தா. "பட்டாளத்துலகூட எனக்கு இப்படி உத்தரவு போட்டது கெடயாது."

புதன்கிழமை நானே போனேன். அவர் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஸ்டூலில் ஒரு டீ கிளாஸ், பிரித்த ரஸ்க் பாக்கெட். மணி ஒன்றரை. அதுதான் மத்தியானச் சாப்பாடு என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஊசி போட்டுக்கொள்கிற உடம்புக்கு ரஸ்க். முகம் நாலே நாளில் சுண்டிப் போயிருந்தது. கேரியரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

"உக்காரு" என்றார். படியில் உட்கார்ந்தேன்.

"சனி பிடிச்சிரும்னு நான் பயந்துட்டேன்னு நெனச்சியா?" என்று கேட்டார். நான் கேரியரை மடியில் வைத்துக்கொண்டேன்.

"எனக்கு எந்த பயமும் கெடயாது. எத்தன அமாவாசை, எத்தன அஷ்டமி நவமி, அத்தனைலயும் புள்ள எடுத்தவ நான். என் மூஞ்சியப் பாத்து, இவ வாங்கிக்குவான்னு ஒருத்தருக்குத் தோணுச்சு பாரு. அதான் எனக்கு ஆறல. அதுக்கு நீ தூக்கு சொமக்குற."

அப்போதுதான் நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். என் மனைவிக்குக்கூட அரைகுறையாகத்தான் தெரியும். என் அம்மா லாட்ஜுகளில் பாத்திரம் கழுவினார். சனிக்கிழமைகளில் குளத்துப் பக்கம் வரிசையில் உட்காருவார். அப்பா இல்லை. நாங்கள் மூன்று பிள்ளைகள். சனிக்கிழமை வாங்குகிற எள்ளுச் சோறு ஞாயிற்றுக்கிழமைக்கும் வரும். ஐந்தாம் வகுப்பு முடித்து நான் லாட்ஜ் அடுப்படிக்குப் போன பிறகுதான் அம்மா அந்த வரிசையில் உட்காருவதை விட்டார். அதனால் அந்தத் தூக்கைத் திறந்தபோது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, அம்மா கை மணம் மாதிரி இருந்தது என்று சொன்னேன். சொல்லும்போது படியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் ரஸ்க் பாக்கெட்டை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"உங்கம்மா புள்ளைங்களுக்கு வாங்குனாங்க. அதுல ஒரு கேவலமும் இல்ல. நான் யாருக்கு வாங்கணும், சொல்லு."

நான் கேரியரை நீட்டினேன். வாங்கவில்லை. "வர்ற சனிக்கெழம வேற கார் வரும். லாட்ஜுல சொல்லி வச்சிருப்பானுவ. வந்தா என்ன சொல்லுவ?" என்று கேட்டார். வேண்டாம் என்பேன் என்றேன்.

"எங்க, சொல்லு பாப்போம். நான் கார்ல வந்தவ. தூக்க எறக்கிட்டேன்."

"வந்து... வேணாங்க."

"என்ன வேணாம்? எனக்குக் கேக்கல."

"சோறு வேணாங்க."

"ஏம்பா, நல்ல சோறுப்பா, இப்பதான் ஆக்குனது. வாங்கிக்கப்பா" என்று அவர் அந்தக் கார்க்கார அம்மா மாதிரியே குழைந்து பேசினார். என் கை பாதி நீண்டுவிட்டது. பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த பெண், "அண்ணன் வாங்கிருவாரு போலிருக்கே பெரியம்மா" என்று சிரித்தாள். நர்ஸம்மாவும் சிரிப்பை அடக்குகிற மாதிரி இருந்தது. கடைசியில் ஒரு வாசகத்தை அவரே சொல்லிக் கொடுத்தார். இங்கே தானம் வாங்குகிறவர்கள் யாரும் இல்லை, கோயில் பக்கம் கொண்டுபோய்க் கொடுங்கள். இதை நாலைந்து தடவை சொல்ல வைத்தார். எழுந்தபோது நான் கேரியரைப் படியில் வைத்தேன். "எடுத்துட்டுப் போ" என்றார். எடுத்துக்கொண்டு வந்தேன்.

வியாழனும் வெள்ளியும் அவர் வரவில்லை. பிரஷர் பார்க்க ஆள் இல்லாமல் சிலர் வந்து சும்மா கையை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். நான் சாம்பார் கிண்டும்போதெல்லாம் அந்த வாசகத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை அவர் சொன்ன மாதிரியே ஒரு கார் வந்தது. ஒருவரும் அவர் மனைவியும், வயதான அம்மா ஒருவரும் இறங்கினார்கள். மேற்கே இருந்து வந்தவர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"ஏனுங்க, இங்க வயசானவங்கல்லாம் இருக்கறாங்களாமா?" என்றார் அவர். டிக்கியைத் திறக்கப் போனார்.

நான் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.  "இங்க தானம் வாங்கறவங்க யாரும் இல்லீங்க" என்றேன். அது வரைக்கும் சரியாக வந்தது. அதற்கு மேல், கோயில் பக்கம் கொண்டுபோங்கள் என்று துரத்துகிற மாதிரிச் சொல்ல வாய் வரவில்லை. வந்தவர் முகம் சிறுத்துவிட்டது. அவருடைய அம்மா கார்க் கதவைப் பிடித்தபடி நின்றார். தலைமுடி ஈரம் காயவில்லை. விடியற்காலையில் முழுகியவர் இன்னும் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று பட்டது.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

இல்லை, கொடுத்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்றார் வந்தவர் மனைவி.

"உள்ள வாங்க. முருங்கக்கா சாம்பார், வாழக்கா பொரியல். எல்லாரும் சேந்துதான் சாப்பிடறோம். எங்களோட உக்காருங்க."

"நாங்க குடுக்கறதுக்கு வந்தமுங்க" என்றார் அவர், நான் புரிந்துகொள்ளவில்லை என்று நினைத்து.

"தெரியுங்க. இங்க நீங்க வாங்கிக்குங்க."

எப்படி அந்த வார்த்தை வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எள்ளுச் சோற்றையும் வீணாக்க வேண்டாம், குளத்துப் பக்கம் உட்கார்ந்திருக்கிற அம்மாக்களுக்கு அது ஒரு வேளைச் சோறு, கீழே விழாமல் கையில் கொடுங்கள் என்றும் சொன்னேன். என் வாழ்க்கையில் புது ஆளிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் உள்ளே நடந்தது அந்த வயதான அம்மாதான். சொல்தா எழுந்து, பட்டாளத்தில் அதிகாரிக்கு இடம் விடுகிற மாதிரித் தன் நாற்காலியைக் கொடுத்தார். பேங்க் மேனேஜர் தட்டு துடைத்துக் கொடுத்தார். மீன்காரப் பெரியவர் தண்ணீர் வைத்தார். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. மூன்று விருந்தாளிகளைச் சுற்றி இருபது பேரும் வீட்டுக்காரர்களாக ஆகிவிட்டார்கள். வந்த அம்மா சும்மா சாப்பிடக் கூச்சப்பட்டு, ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்டார். பூண்டுத் தட்டை நகர்த்தினார்கள். மறுநாள் ஞாயிறு, பூண்டு திங்கட்கிழமை ரசத்துக்குத்தான் தேவை, ஆனால் அதை நான் சொல்லவில்லை.

சாம்பார் வாளியோடு நான் திரும்பியபோது நர்ஸம்மா கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. தோளில் பை இருந்தது. என் பக்கம் திரும்பாமலே உள்ளே போனார். பையை ஆணியில் மாட்டினார். கையைக் கழுவிவிட்டு வந்து, என் கையில் இருந்த வாளியை வாங்கிக்கொண்டார்.

"நான் சொல்லிக் குடுத்தது ஒண்ணு, நீ சொன்னது ஒண்ணு" என்றார். "போ, பொரியல எடுத்துட்டு வா."

அன்றைக்கு அவர்தான் பரிமாறினார். வந்தவர் இரண்டாவது தடவை சோறு வேண்டாம் என்று கையை வைத்து மறைத்தபோது, கையை எடுக்கச் சொல்லி அதட்டினார். அந்த மனிதர் எடுத்துவிட்டார். பிரசவ வார்டில் பழகிய குரல் அது, அதை மீறிய ஆளை நான் பார்த்ததில்லை. கிளம்பும்போது அந்த மனிதர் என்னிடம், இதை நடத்துகிறவர்கள் யார், அவர்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறோம் என்றார். சொல்தாவைக் காட்டலாமா, நர்ஸம்மாவைக் காட்டலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். "நாங்கதாங்க" என்றேன். அந்த 'நாங்க'வில் என்னையும் சேர்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கார் போனது. முதல் பந்தி எழுந்து கை கழுவியது. மணி ஒன்றரைக்கு மேல் ஆகிவிட்டது. எனக்கு அதற்குப் பிறகுதான் பதற்றம் வந்தது. நர்ஸம்மா இன்னும் சாப்பிடவில்லை. சமையல்காரன் கடைசியில் சாப்பிடுவது வழக்கம், அவர் அப்படி இருக்கக் கூடாது. ஊசி போட்டாச்சா என்று கேட்டேன்.

"போட்டு அர மணி ஆவுது. பேசாம சோத்தப் போடு."

கூடத்தில் உட்காருவார் என்று பார்த்தேன். அடுப்படிக்குள் வந்து, காய் நறுக்குகிற ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். எனக்கும் ஒரு தட்டை எடுத்து எதிரே வைத்தார். அப்பளம் தீர்ந்துவிட்டது. சாம்பாரில் அடிமண்டிதான் இருந்தது. வாழைக்காய் இரண்டு துண்டு. இருந்ததை இரண்டாகப் பிரித்துப் போட்டேன். அவர் ஒரு வாரப் பசியோடு சாப்பிட்டார். நான் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். மோருக்குச் சோறு கேட்டு வாங்கிக்கொண்டார். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் இல்லை.

"திங்கக்கெழம கீர கடைஞ்சிரு" என்றார் எழுந்திருக்கும்போது. "எங்க கொல்லைல மொளக்கீர தழஞ்சு கெடக்கு. காலைல நானே அறுத்துட்டு வரேன்."